நான்கு புள்ளிக்குக் கீழே

ஜனவரி 9

என் அன்பு ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சௌக்கியம். அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? முப்பது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போனவன், சேர்ந்தேன் என்று ஒரு வரி போடக் கூடாதா? விடுதியில் போன் இல்லை என்பது சரி. அந்த ஊரில் பேனாவுமா இல்லை?

புதுப் புத்தகத்தின் கைப்பிரதியை அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போலப் பகடை உருட்டி விளையாடிக்கொண்டே படிக்கிற கதைதான். படிக்கிறவனே வீரன். இடது வழி போனால் பத்தி 87, வலது வழி போனால் பத்தி 212. அந்த 212-இல் கல்வாயன் என்று ஒரு ஜந்து. சுவருக்குள் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் வாங்கிய அடிகளால் வீரனிடம் பன்னிரண்டு உயிர்ப்புள்ளிதான் மிச்சம். இரண்டு பேருக்கும் பகடை உருட்டி, அவரவர் பலத்தைக் கூட்டி, குறைந்தவனுக்கு இரண்டு புள்ளி வெட்டு. சண்டையைப் பல தடவை ஓட்டிப் பார்த்து எழுது. நீ ஓட்டிப் பார்க்காத சண்டையை நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

பழைய விதிதான்: சண்டை நடக்கும்போது மருந்து குடிக்கக் கூடாது. முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

அக்குளில் ஒரு சின்னக் கட்டி. நம் தெரு டாக்டர் பெரிய இடத்தில் காட்டச் சொல்கிறார். அத்தான் வழக்கம்போல ஊரைக் கூட்டுகிறார். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சேர்ந்தேன், உயிரோடிருக்கிறேன், சாப்பிடுகிறேன். போதுமா?

இருபத்திரண்டாவது மாடியில் லிஃப்ட் குழிக்கு மேலே பலகை போட்டு நிற்கிற வேலை. கீழே பார்க்காமல் இருக்கப் பழகி வருகிறேன். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் கல்வாயனோடு சண்டை. ஐம்பது தடவை ஓட்டினேன். நாற்பத்து நான்கு தடவை வீரன் காலி. பிழைத்தது ஆறே பேர். இது சண்டையா, கசாப்புக் கடையா? புத்தகம் வாங்குகிற பிள்ளைகள் அழுதுவிடும்.

ஒரு யோசனை. சண்டைக்கு நடுவில் ஒரே ஒரு மடக்கு மருந்து குடிக்க விடு. குடிக்கிற நேரத்தில் கல்வாயன் என்ன, கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா போகிறான் என்று கேட்பாய். குடிக்கிற சுற்றில் வீரன் அடிக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளேன்.

கட்டி என்ன ஆயிற்று? அத்தான் ஊரைக் கூட்டினால் கூட்டட்டும், நீ போய்க் காட்டு. இதில் உன் சோம்பேறித்தனம் வேண்டாம்.

உன்
தம்பி

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இரு.

முடியாது என்றால் முடியாது. நடுவில் மருந்து குடிக்க விட்டால் நம் பிள்ளைகள் ஒரு அடிக்கு ஒரு மடக்கு குடிப்பார்கள். அப்புறம் சண்டையில் யாருக்குப் பயம் வரும்? சண்டையில் இருக்கிறவன் சண்டையில்தான் இருக்க வேண்டும். கதவைத் திறந்து வெளியே வந்த பிறகுதான் மருந்து, கட்டு, தூக்கம் எல்லாம். ஒன்பது புத்தகமாக இந்த விதியைக் காப்பாற்றி வருகிறேன். பத்தாவதில் மாற்றினால் என்னை நானே ஏமாற்றியது போலாகும்.

கட்டி ஒன்றுமில்லையாம். மாத்திரை கொடுத்தார்கள், கரைந்துவிட்டது. இனி அதைப் பற்றிக் கேட்காதே, சலிப்பாக இருக்கிறது.

இதை ஒரு வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் எண்ணைக் கூப்பிட இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள். எதிரே ஒரு அம்மாள் கையில் பை, பைக்குள் துண்டு, துண்டுக்குள் சின்ன வாளி. எதற்கு வாளி என்று கேட்டேன். "முதல் தடவையா? உனக்கே தெரியும் போ" என்று சிரித்தார். நல்ல மனுஷி.

அக்கா

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டி கரைந்தது என்றதும் இங்கே ஒரு டீ அதிகமாகக் குடித்தேன். அத்தானிடம் சொல், அடுத்த முறை ஊரைக் கூட்டும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும்.

வாளி கொண்டுவருகிற வரிசை என்ன வரிசை? தெருவில் தண்ணீர்த் தட்டுப்பாடா?

விதி விஷயத்தில் உன்னோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. குடிக்கக் கூடாது என்றால் கூடாது. ஆனால் கல்வாயனின் பலத்தையாவது ஒன்று குறை. நாங்கள் ஒரு லிஃப்டைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் முன் இருநூறு தடவை மேலும் கீழும் விடுவோம். நூற்றில் எண்பத்தெட்டு பேர் விழுகிற லிஃப்டுக்கு எவன் கையெழுத்துப் போடுவான்?

உடனே பதில் போடு.

தம்பி

மார்ச் 8

தம்பி,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. விரல் நுனி மரத்துப்போகிறது, குளிர்தான் காரணம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். அத்தான் நன்றாக இருக்கிறது என்கிறார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

விதியை மாற்றலாமா என்று பார்க்கிறேன். நீ சொன்ன மாதிரி இல்லை, வேறு மாதிரி. நடுச் சண்டையில் குடிக்கிற கசப்பு மருந்து. மொத்தம் ஆறு மடக்கு, மூன்று சுற்றுக்கு ஒரு மடக்கு. குடித்த உடனே வீரனுக்கு நான்கு புள்ளி போய்விடும். அடுத்த மூன்று சுற்றில் மூன்று புள்ளி மெல்லத் திரும்பி வரும். ஒவ்வொரு மடக்குக்கும் கல்வாயனின் பலம் ஒன்று குறையும். வேண்டாம் என்று நிறுத்துகிற உரிமை வீரனுக்கு உண்டு.

இதை நன்றாக ஓட்டிப் பார். ஐம்பது போதாது, நூறு. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இரண்டு மடக்கு குடித்துவிட்டு நிற்கிறவன் மூன்றாவதைக் குடிப்பது நல்லதா, கொட்டிவிடுவது நல்லதா? அவசரமில்லை. இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்தால் நல்லது. அச்சகத்தில் கேட்கிறார்கள்.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்குக் குளிரில் விரல் மரத்துப்போகிறதாம், இங்கே எனக்கு முதுகு வேர்க்கிறது. கம்பளிக் கையுறை வாங்கிப் போடு.

நூறு தடவை ஓட்டினேன். ஐந்து மத்தியானங்கள் போயின. கூட வேலை செய்கிறவர்கள் எனக்குச் சூதாட்டப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். கணக்கு இதுதான்: மருந்தே தொடாமல் சண்டை போட்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் பிழைக்கிறார்கள். உன் கசப்பு மருந்தைக் குடித்தவர்களில் பிழைத்தது நான்கே பேர். பெரும்பாலும் மூன்றாவது மடக்கிலேயே ஆள் முடிந்துவிடுகிறான். கல்வாயன் அடித்துச் சாகவில்லை அக்கா, மருந்து குடித்துச் சாகிறான்!

உன் கேள்விக்குப் பதில்: கொட்டிவிடுவதுதான் நல்லது. இரண்டு குடித்ததே அதிகம். மூன்றாவதைக் குடிப்பவன் வடிகட்டின முட்டாள். இப்படி ஒரு மருந்தை எவன் கண்டுபிடித்தான்? அதைத் தூர எறிந்துவிட்டு, இருக்கிற சுற்றுகளை நிம்மதியாகப் போடலாம்.

இருபத்தைந்துக்கு முன்பே அனுப்பிவிட்டேன் பார். எனக்கு ஒரு சபாஷ் போடு.

தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

சபாஷ்.

உன் கணக்கு என்றைக்கும் தப்பியதில்லை. ஒன்பது புத்தகத்தில் ஒரு இடத்தில்கூட வாசகர் குறை சொல்லி எழுதியதில்லை. அந்தக் கசப்பு மருந்தை எடுத்துவிட்டேன். இரண்டோடு சரி. நேற்று மூன்றாவதைக் குடிக்க வேண்டிய நாள், குடிக்கவில்லை. மனசு லேசாகிவிட்டது.

இன்றைக்கு எல்லா ஜன்னலையும் துடைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு டீ டீயாக ருசித்தது. கல்வாயனும் இருந்துவிட்டுப் போகட்டும், அவன் பாட்டுக்குச் சுவருக்குள் இருக்கிறான்.

உன்னை ரொம்பத் திட்டியிருக்கிறேன், சின்ன வயதிலிருந்து. எல்லாம் விளையாட்டுக்குத்தான், தெரியுமில்லையா?

அக்கா

ஏப்ரல் 3

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூட வேனைப் பிள்ளைகள் வரும்வரை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். உன் அக்காவுக்குத் தெரியாது.

அந்தக் கட்டி கரையவில்லை. புற்று. பிப்ரவரியில் ஊசி தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. இரண்டு முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள் எழுந்திருக்க மாட்டாள், வாய் முழுக்கப் புண், முடி போய்விட்டது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "அவன் இருபத்திரண்டாவது மாடியில நிக்கிறான், கால் நடுங்கினா என்ன ஆகும்?" என்றாள்.

போன மாதம் இருபத்தாறாம் தேதி மூன்றாவது ஊசி. ஆஸ்பத்திரிப் படிக்கட்டு வரை வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். "வேண்டாங்க, வீட்டுக்குப் போகலாம். மூணாவது போட்டுக்கிறவன்தான் சாகுறானாம். என் தம்பி நூறு தடவ பாத்துட்டான்" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் கைப்பையைத் திறந்து பார்த்தேன். உன் கடிதம் இருந்தது. நாலாய் மடித்து, மாத்திரைச் சீட்டோடு வைத்திருக்கிறாள். அதில் பகடையும் புள்ளியும்தான் இருக்கிறது.

பதினெட்டாம் தேதிக்குள் வராவிட்டால் இதுவரை போட்ட இரண்டும் வீண் என்கிறார் டாக்டர். மறுபடி முதலிலிருந்து தொடங்க அவள் உடம்பு தாங்குமா என்றும் சொல்ல முடியாதாம். நான் கெஞ்சியாயிற்று, கத்தியாயிற்று. சிரிக்கிறாள். அவள் சிரிப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை, நீ என்ன எழுதினாய்? அதை எப்படியாவது திருப்பி எடு.

அத்தான்

ஏப்ரல் 6

அத்தான்,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. நான் என்ன எழுதினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காவைக் கொல்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். தெரியாமல்தான். தெரியாமல் என்பது ஒரு சமாதானமா?

இன்று லிஃப்ட் குழிக்கு மேலே ஏறவில்லை. பதினைந்தாம் தேதி இங்கே அரசாங்க ஆய்வாளர் வருகிறார், அன்று மத்தியானம் வரை என்னை விட மாட்டார்கள். காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டேன். மறுநாள் வந்துவிடுவேன். அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள். அவளுக்கு நாளை எழுதுகிறேன். இன்றைக்கு எழுதினால் எழுத்து உதறும், பயந்துவிடுவாள்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 7

அக்கா,

அத்தான் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே. திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு, பதினாறாம் தேதி நேரில் வருகிறேன். கட்டி கரைந்துவிட்டது என்று எழுதினாயே, அந்த வரியை நினைத்து நான் ஒரு டீ குடித்தேனே! உன்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. அதற்கு இப்போது நேரமில்லை.

என் கணக்கு தப்பு.

எங்கே தப்பு என்று சொல்கிறேன். லிஃப்டைத் தாங்குகிற இரும்புக் கயிற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இழை அறுந்திருந்தால், கயிறு செத்தது என்று எழுதிவிடுவோம். அது அறுந்து விழும்வரை காத்திருக்க மாட்டோம். பதினான்கு வருஷமாக இதே பழக்கம். உன் வீரர்களையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். உயிர் நான்கு புள்ளிக்குக் கீழே போனதும், "சரி, இவன் அவ்வளவுதான்" என்று கோடு கிழித்துவிட்டு அடுத்தவனை எடுத்தேன். நேரம் மிச்சம் என்று நினைத்தேன். மூன்றாவது மடக்கு குடித்ததும் ஏறக்குறைய எல்லாருமே நான்குக்குக் கீழேதான் போகிறார்கள். எல்லாரையும் உயிரோடேயே சாகடித்துவிட்டேன். அடுத்த மூன்று சுற்றில் திரும்பி வருகிற மூன்று புள்ளியை நான் வரவே விடவில்லை.

நேற்று குழிக்கு மேலே ஏறவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து மறுபடி மருந்தில்லாமல் நூறு பேரை, மருந்தோடு நூறு பேரை ஓட்டினேன். இந்த முறை கடைசிப் புள்ளி போகும்வரை யாருக்கும் கோடு கிழிக்கவில்லை. மருந்து தொடாதவர்கள் முன்பு பன்னிரண்டு, இப்போது பதின்மூன்று. மருந்து குடித்தவர்களில் பிழைத்தது நாற்பத்து மூன்று பேர். அதில் பதினெட்டு பேர் நடுவில் ஒரே ஒரு புள்ளியோடு நின்றவர்கள். ஒற்றைப் புள்ளிக்காரன் வந்தால் பகடையை உருட்டாமல் கைக்குள்ளேயே குலுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவனும் நீதான் என்று தோன்றியது. ஐம்பத்தேழு தடவை நீ செத்தாய். எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

நாற்பத்து மூன்றை நூறாக்கி எழுதலாமா என்று யோசித்தேன், மறைக்க மாட்டேன். எழுதவில்லை. இனி உனக்குப் பொய்க் கணக்கு கொடுக்கப் பயமாக இருக்கிறது. நிஜக் கணக்கு டாக்டருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது. கட்டைப் பகடைக்கு உன்னைத் தெரியாது அக்கா. எனக்கும் கல்வாயனைத் தெரியாது. என் கணக்கை நம்பிப் போக வேண்டாம், என் கணக்கை நம்பிப் போகாமல் இருக்கவும் வேண்டாம். எனக்கு நீ வேண்டும், அவ்வளவுதான். அதற்காகப் போ.

பதினைந்தாம் தேதி மத்தியானம் இங்கே ரயில். பதினாறாம் தேதி மூன்று மணிக்கு அங்கே இருப்பேன்.

தம்பி

ஏப்ரல் 11

தம்பி,

அத்தானோடு இரண்டு நாள் பேசவில்லை. அவரும் பேசாமலே சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் பாவமாக இருந்தது.

நீ உன் தப்பைச் சொன்னாய். நானும் சொல்லிவிடுகிறேன். உன் பகடையை நம்பி ஊசியை நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டு நீ அங்கே உருகாதே. அவ்வளவு அசடு இல்லை நான். இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள் தரையில் படுத்துக் கிடந்தேன். கட்டிலுக்கு மூன்றடி தூரம், ஏற முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி போக மாட்டேன் என்று. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் போகவில்லை என்று யாரிடம் சொல்வது? யாராவது என்னைப் போகாதே என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. அத்தான் சொல்ல மாட்டார். டாக்டர் சொல்ல மாட்டார். நீ சொல்வாய் என்று தெரியும். முதல் நாளிலிருந்து அந்த விதியை நீ எப்படி ஓட்டுவாய் என்று எனக்குத் தெரியாதா? அவசரக்காரன், ஆள் சாய்ந்தால் கோடு கிழிக்கிறவன். அந்தக் கேள்வியை உனக்கு அனுப்பியதே நான் செய்த அழுகுணி ஆட்டம். உன் தலையில் போட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

அந்தப் பதினெட்டு பேரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் பத்துத் தடவை படித்தேன். நாற்பத்து மூன்றை நினைத்தால் ஆறுதலாக இல்லை. ஆனால் ஒரு புள்ளியோடு நின்றவர்கள் எழுந்தார்கள் என்கிறாயே, நான் தரையில் கிடந்த அன்று எத்தனை புள்ளியில் இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இருந்திருக்காது என்று நினைத்தேன். இருந்திருக்கிறது.

நேற்று அத்தானோடு டாக்டரைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. நர்ஸ் சீட்டில் தேதி எழுதினாள். "இந்தத் தடவ படிக்கட்டுலயே திரும்பிடாதீங்கம்மா" என்றாள். ஆஸ்பத்திரி பூராவும் தெரிந்திருக்கிறது.

பதினாறாம் தேதி, மத்தியானம் ஒரு மணிக்கு. ஆறு மணி வரை மருந்து இறங்கும். கூட ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவார்கள். மூன்றரைக்கு அத்தான் போயாக வேண்டும், பள்ளிக்கூடம் விட்டுவிடும், பிள்ளைகள் தெருவில் நிற்கும். அதற்கப்புறம் என் பக்கத்தில் யாரும் இல்லை. தம்பியை உள்ளே விடுவீர்களா என்று கேட்டேன். விடுவார்களாம், இரண்டாவது மாடி, இடது கைப்பக்கம் கடைசி அறை.

தம்பி, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று நிற்காதே. பெட்டியோடு அப்படியே வா.

அக்கா